ஏழரை மாதப் பிரதமர்

ஓர் அரசாங்கத்தின் சிறப்பை அது நிலைத்திருந்த காலத்தைக் கொண்டு மதிப்பிடுவது உலக வழக்கம். நீண்ட காலம் ஆண்டவரே நன்றாக ஆண்டவர் என்று எண்ணுவோர் பலர். ஆயினும், நெடுங்காலம் பதவியில் அமர்ந்திருந்தும் யாதொன்றையும் தீர்க்காது சென்ற மந்திரி சபைகள் உண்டு. சில மாதங்களே இருந்து, ஒரு நாட்டின் போக்கையே மாற்றிச் சென்ற மந்திரி சபைகளும் உண்டு. இரண்டாவது வகையைச் சேர்ந்தது, 1954 ஆம் ஆண்டு யூன் மாதம் 18 ஆம் திகதி முதல் 1955 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 5 ஆம் திகதி வரை பிரான்ஸ் தேசத்தில் பதவி வகித்த பியர் மெண்டெஸ் பிரான்ஸ் என்பவரின் அரசாங்கம். அவருடைய குடும்பப் பெயரின் பிற்பாதியும் அவர் நாட்டின் பெயரும் ஒன்றாகவே அமைந்தமையால், குழப்பம் நேராதிருக்கும் பொருட்டு அவரை மெண்டெஸ் என்றே குறிப்பிடுதல் நலம்.

மெண்டெஸின் அரசாங்கம் ஏறக்குறைய ஏழரை மாதமே நிலைத்தது. அதற்குள் இந்தோசீனாவில் ஏழரை ஆண்டுகளாக நடைபெற்ற போரை அது முடித்துவைத்தது. ஏழரை என்ற எண்ணைக் கேட்டவுடன் தமிழருக்குச் சனியின் பீடிப்பே நினைவுக்கு வரும். பிரெஞ்சு மக்களுக்கும் அப்போர் அத்தகைய பீடிப்பாகவே இருந்தது. அதே அரசாங்கம் துனீசியாவுக்கு உள்நாட்டுச் சுயாட்சியை வாக்களித்தது. தமிழ் வழங்கும் புதுச்சேரியையும் காரைக்காலையும் பிற இரு ஊர்களுடன் இந்தியாவிடம் ஒப்படைத்ததும் அதுவே. ஆனால் அதன் காலத்திலேயே அல்ஜீரியாவில் மற்றொரு போர் மூண்டது. முன்னைய போரை முடிக்கும் துணிவு படைத்தவருக்குப் பின்னைய போரைத் தடுக்க வழி தோன்றவில்லை. ஒரு மனிதரின் வெற்றியும் தோல்வியும் இவ்வளவு நெருங்கி நிற்பதனாலேயே அவருடைய வரலாறு கேட்கத் தக்கதாகின்றது.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர், 1946 ஆம் ஆண்டில் பிரான்ஸ் புதியதோர் அரசியலமைப்பை ஏற்றது. நான்காம் குடியரசு எனப்படுவது அதுவே. 1958 ஆம் ஆண்டில் அது முடிவுறும் வரை கழிந்த பன்னிரண்டு ஆண்டுகளில் இருபதுக்கு மேற்பட்ட மந்திரி சபைகள் தோன்றி மறைந்தன. தேசிய சபையில் கட்சிகள் பலவாயிருந்தன. எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஒருபுறம் கம்யூனிஸ்டுகளும் மறுபுறம் தளபதி டி கோலின் ஆதரவாளரும் நின்றனர். இடையிலிருந்த கட்சிகள் ஒன்றோடொன்று பேரம் பேசி அரசாங்கம் அமைத்தன. கடினமான பிரச்சினை ஒன்று தலைகாட்டியதும் அக்கூட்டு உடைந்தது. மீண்டும் பேரம் நடந்தது. முன்னிருந்தவர்களே வேறு நாற்காலிகளில் அமர்ந்தனர். 1953 ஆம் ஆண்டு மே மாதத்தில் ரெனே மாயர் என்பவரின் அரசாங்கம் கவிழ்ந்த பின்னர், ஒரு மாதத்துக்கு மேலாகப் பிரான்ஸ் புதிய அரசாங்கமின்றி இருந்தது.

இத்தகைய சூழ்நிலையில் மெண்டெஸ் தனித்து நின்ற ஒருவர். 1907 ஆம் ஆண்டு யனவரி மாதம் 11 ஆம் திகதி அவர் பாரிஸ் நகரிற் பிறந்தார். அவருடைய முன்னோர் போர்த்துக்கலிலிருந்து பிரான்ஸுக்கு வந்து குடியேறிய யூதர். தந்தையார் ஆடை வணிகர். இளமையிலேயே சட்டம் பயின்று, நாட்டின் மிக இளைய சட்டத்தரணி என்று பெயர் பெற்றார். 1932 ஆம் ஆண்டில், தமது இருபத்தைந்தாவது வயதில், நோர்மண்டிப் பகுதியிலுள்ள லூவியே என்னும் தொகுதியிலிருந்து ராடிக்கல் கட்சியின் சார்பில் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். அப்பாராளுமன்றத்தில் அவரைவிட இளையவர் இல்லை. 1938 ஆம் ஆண்டில் லெயோன் புளும் அமைத்த குறுகிய கால அரசாங்கத்தில் திறைசேரிக்குரிய துணை மந்திரியாகச் சில வாரங்கள் பணியாற்றினார்.

1940 ஆம் ஆண்டில் ஜேர்மனியிடம் பிரான்ஸ் வீழ்ந்தபோது மெண்டெஸ் விமானப் படையில் அதிகாரியாக இருந்தார். போரை வட ஆபிரிக்காவிலிருந்து தொடரலாம் என்ற நம்பிக்கையோடு, வேறு சில பாராளுமன்ற அங்கத்தவர்களுடன் கப்பலேறிக் காஸபிளாங்கா சென்றார். சரணடைந்த விஷி அரசாங்கம் அவரைக் கைது செய்து, படையை விட்டு ஓடியவர் என்று குற்றஞ்சாட்டி, ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 1941 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அவர் காவலிலிருந்து தப்பினார். தப்பிய இரவில் மதில்மேல் ஏறியபோது, கீழே மரத்தடியில் காதலர் இருவர் உரையாடிக் கொண்டிருந்ததாகவும், அவர்கள் அகலும் வரை தாம் மதில்மேலேயே காத்திருக்க நேர்ந்ததாகவும், பல ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு விவரணத் திரைப்படத்தில் அவரே நகைச்சுவையோடு கூறினார். பின்னர் இலண்டன் சென்று டி கோலின் படையிற் சேர்ந்து, குண்டுவீச்சு விமானங்களிற் பறந்து போரிட்டார்.

விடுதலை பெற்ற பிரான்ஸில் டி கோல் அவரைத் தேசியப் பொருளாதார மந்திரியாக நியமித்தார். யுத்தகாலத்தில் நாட்டில் நாணயத் தாள்கள் மிகுதியாகப் பெருகியிருந்தன, விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது. நாணயத் தாள்களை மாற்றி, பண வெள்ளத்தைக் கட்டுப்படுத்தி, மக்கள் சிறிது காலம் சிக்கனத்தை ஏற்க வேண்டும் என்று மெண்டெஸ் வாதாடினார். களைத்துப்போன மக்கள்மீது அத்தகைய சுமையை ஏற்ற டி கோல் விரும்பவில்லை. தம் யோசனை ஏற்கப்படாதபோது, 1945 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் மெண்டெஸ் பதவியைத் துறந்தார். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் அவருக்கு மந்திரிப் பதவி கிட்டவில்லை.

அந்த ஆண்டுகளிலேதான் இந்தோசீனாப் போர் வளர்ந்தது. 1946 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் ஹோ சி மின் தலைமையிலான வியட்மின் இயக்கத்துக்கும் பிரெஞ்சுப் படைக்கும் இடையே அது மூண்டது. செலவின் பெரும்பகுதியைக் காலப்போக்கில் அமெரிக்கா ஏற்றது. பாரிஸில் அடுத்தடுத்து வந்த அரசாங்கங்கள் போரில் வெல்லத் தேவையான படையை அனுப்பவுமில்லை. போரை நிறுத்தத் தேவையான பேச்சைத் தொடங்கவுமில்லை. 1950 ஆம் ஆண்டில் சீன எல்லையருகே பிரெஞ்சுப் படை பெருந்தோல்வி கண்டபோது, மெண்டெஸ் தேசிய சபையில் எழுந்து, இரண்டு வழிகளே உண்டு என்றார். படைபலத்தைப் பன்மடங்கு பெருக்கி அதற்குரிய தியாகத்தை நாட்டிடம் கேட்பது ஒன்று. எதிரியோடு நேரிற் பேசி உடன்பாடு காண்பது மற்றொன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட வழி அழிவுக்கே செல்லும் என்பது அவர் கருத்து. 1953 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பிரதமர் பதவிக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோதும் இதையே வலியுறுத்தினார். ஆட்சி செய்வது என்பது தெரிவு செய்வதே என்ற பொருளில் அன்று அவர் கூறிய வாசகம் பின்னர் அவர் பெயரோடு இணைந்துவிட்டது. அவ்வாக்கெடுப்பில் அவருக்கு 301 வாக்குகள் கிடைத்தன. தேவைப்பட்டவை 314, பதின்மூன்று வாக்குகள் குறைந்தன.

ஓராண்டு கழிந்தது. 1954 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13 ஆம் திகதி, வியட்நாமின் வடமேற்கு மலைப் பள்ளத்தாக்கான தியன் பியன் பூ என்னுமிடத்திலிருந்த பிரெஞ்சுக் கோட்டையைத் தளபதி கியாப்பின் படை தாக்கத் தொடங்கியது. மலைகளின்மேல் பீரங்கிகளை ஏற்ற முடியாது என்று பிரெஞ்சுத் தளபதிகள் கணித்திருந்தனர். வியட்மின் படையினரோ அவற்றை மனித வலிமையாலேயே இழுத்து ஏற்றினர். மே மாதம் 7 ஆம் திகதி கோட்டை வீழ்ந்தது. பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். மறுநாள் ஜெனீவாவில் இந்தோசீனா பற்றிய சர்வதேசப் பேச்சு ஆரம்பமாகியது. யூன் மாதம் 12 ஆம் திகதி லனியெல் அரசாங்கம் கவிழ்ந்தது. குடியரசுத் தலைவர் ரெனே கொட்டி மெண்டெஸை அழைத்தார்.

யூன் மாதம் 17 ஆம் திகதி தேசிய சபையில் அவர் ஆற்றிய உரை, அச்சபை அதுவரை கேட்டிராத ஒன்று. யூலை மாதம் 20 ஆம் திகதிக்குள் இந்தோசீனாவில் போர்நிறுத்தம் காண்பேன். காணாவிடின் அன்றே பதவி விலகுவேன் என்று அவர் உறுதி கூறினார். வாக்குறுதி அளிப்பது அரசியல்வாதிகளுக்கு எளிது. வாக்குறுதிக்குத் திகதி குறிப்பது அரிது. இன்னொன்றையும் அவர் சொன்னார். கம்யூனிஸ்ட் அங்கத்தவர் தமக்கு அளிக்கும் வாக்குகளைத் தாம் எண்ணிக்கையிற் சேர்க்கப்போவதில்லை என்றார். எதிரியோடு பேசச் செல்பவர், அந்த எதிரியின் நண்பர்களுடைய தயவால் பதவி பெற்றவர் என்ற பேச்சுக்கு இடமிருக்கக் கூடாது என்பதே காரணம். அவருக்குச் சார்பாக 419 வாக்குகளும் எதிராக 47 வாக்குகளும் விழுந்தன. 143 பேர் வாக்களிக்கவில்லை. கம்யூனிஸ்ட் வாக்குகளைக் கழித்த பின்னரும், தேவையான 314 க்கு மேல் அவருக்கு இருந்தது.

மந்திரிகளைத் தெரிந்தெடுத்ததிலும் அவர் பழைய முறையைக் கைவிட்டார். கட்சித் தலைவர்களிடம் பெயர்ப் பட்டியல் கேளாது, தகுதியுடையோர் என்று தாம் கருதியவர்களைத் தாமே அழைத்தார். சோஷலிஸ்டுகள் வெளியிலிருந்து ஆதரவு தந்தனர். மந்திரிப் பதவி ஏற்கவில்லை. கத்தோலிக்க ஜனநாயகக் கட்சி ஒத்துழைக்க மறுத்தது. ஆயினும் அக்கட்சியைச் சேர்ந்த ரொபேர் புரோன் தம் கட்சியின் விருப்பத்துக்கு மாறாக மந்திரி சபையிற் சேர்ந்தார். வெளிநாட்டு விவகாரத்தை மெண்டெஸ் தம்மிடமே வைத்துக்கொண்டார். முன்னர் ஒருமுறை பிரதமராயிருந்த எட்கர் ஃபோர் நிதி மந்திரியானார். முப்பத்தேழு வயதினரான பிரான்சுவா மித்தரான் உள்நாட்டு மந்திரியானார். லிபியப் பாலைவனத்தில் பிர் ஹக்கெயிம் என்ற அரணை 1942 இல் காத்துப் புகழ்பெற்ற தளபதி கெனிக் பாதுகாப்பு மந்திரியானார். பொதுவேலைப் பகுதி சபான் தெல்மாவிடமும், கைத்தொழில் பகுதி பூர்ஜெஸ் மொனூரியிடமும், மொரொக்கோ, துனீசியா விவகாரங்கள் கிறிஸ்தியான் பூஷேயிடமும் ஒப்படைக்கப்பட்டன. பிற்காலத்தை நோக்கினால் இம்மந்திரி சபையின் தரம் விளங்கும். மித்தரான் 1981 ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவராகிப் பதினான்கு ஆண்டுகள் அப்பதவியை வகித்தார். ஃபோர் 1955 இலும், பூர்ஜெஸ் மொனூரி 1957 இலும், சபான் தெல்மா 1969 இலும் பிரதமராயினர்.

பதவியேற்ற சில நாட்களில், யூன் மாதம் 23 ஆம் திகதி, மெண்டெஸ் சுவிற்சர்லாந்தின் தலைநகரான பேர்ண் சென்று சீனப் பிரதமர் சூ என்-லாயைச் சந்தித்தார். அப்போது பிரான்ஸ் மக்கள் சீன அரசாங்கத்தை அங்கீகரித்திருக்கவில்லை. யூலை மாத முதற் பகுதியில் தேசிய சபைக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தார். பேச்சு முறிந்தால், பதவி விலகுமுன் தாம் செய்யும் கடைசிச் செயல், கட்டாய சேவைக்கு எடுக்கப்பட்ட இளைஞரை இந்தோசீனாவுக்கு அனுப்பும் சட்டத்தைக் கொணர்வதாகவே இருக்கும் என்றார். அதுவரை அங்கு போரிட்டவர்கள் கூலிப்படையினரும் தொழில்முறைப் போர்வீரரும் குடியேற்ற நாட்டவருமே. போரின் உண்மையான விலை என்ன என்பதைப் பிரெஞ்சுக் குடும்பங்கள் அன்று உணர்ந்தன.

ஆசியாவின் குரலும் இதற்கிடையில் எழுந்திருந்தது. ஏப்ரில் மாதம் 28 ஆம் திகதி, இலங்கைப் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலயின் அழைப்பின்பேரில், இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் பிரதமர்கள் கொழும்பிற் கூடினர். இந்தோசீனாவில் உடனே போர் நிறுத்தப்பட வேண்டும், நேரடியாகச் சம்பந்தப்பட்டவர்கள் தம்முட் பேச வேண்டும் என்று அம்மகாநாடு வேண்டியது. ஜெனீவாவில் மேற்பார்வைக் குழு அமைக்கப்பட்டபோது, அதன் தலைமை இந்தியாவுக்கே கிடைத்தது; கனடாவும் போலந்தும் உடனிருந்தன.

ஜெனீவாவில் கடைசி நாட்கள் நெருக்கடி மிகுந்தவை. வியட்நாமை எந்த இடத்திற் பிரிப்பது, பொதுத் தேர்தலை எப்போது நடத்துவது என்ற இரண்டுமே பெருஞ் சிக்கல்கள். வியட்மின் பிரதிநிதி பாம் வான் டொங், எல்லைக்கோடு மேலும் தெற்கே அமைய வேண்டும் என்றார்; மெண்டெஸ் வடக்கே தள்ளினார். யூலை மாதம் 20 ஆம் திகதி பிற்பகலில், பதினேழாவது அகலக்கோட்டிற் பிரிப்பதென்றும், இரண்டு ஆண்டுகளிற் தேர்தல் நடத்துவதென்றும் இணக்கம் ஏற்பட்டது. மொலொட்டோவும் சூ என்-லாயும் விட்டுக்கொடுத்தனர். பிரித்தானிய வெளிநாட்டு மந்திரி அந்தனி ஈடன் இடைநின்று உழைத்தார். எல்லாம் முடிந்தது என்று எண்ணிய வேளையில், கம்போடியாவின் பிரதிநிதி எழுந்து, தம் சிறிய நாடு வேண்டும்போது பிறநாட்டு இராணுவ உதவி பெறும் உரிமையைக் கைவிடாது என்று பிடிவாதமாக நின்றார். வல்லரசுகளின் மந்திரிகள் அவரைச் சமாதானப்படுத்த முயன்றுகொண்டிருக்கையில் நள்ளிரவு நெருங்கியது. கெடு தவறிவிடாதிருக்கும் பொருட்டு மாளிகையின் கடிகாரங்கள் நிறுத்தப்பட்டன என்பர். அதிகாலையில் கையெழுத்தான வியட்நாம், லாவோஸ் உடன்படிக்கைகளில் யூலை 20 என்றே திகதி இடப்பட்டது. கம்போடியாவின் கோரிக்கையும் ஏற்கப்பட்டது.

மூன்று நாட்களின் பின், பிரெஞ்சுத் தேசிய சபை 462 வாக்குகளால், 13 பேர் மட்டும் எதிர்க்க, இந்த முடிவை ஏற்றது. இதனை மகிழ்ச்சிக்குரிய சமாதானம் என்று மெண்டெஸ் கருதவில்லை. சில நிபந்தனைகள் கொடியவை என்று அவரே சபையில் ஒப்புக்கொண்டார். வியட்நாமின் வடபகுதியிலிருந்து பல இலட்சம் மக்கள் தென்பகுதிக்கு இடம்பெயர்ந்தனர். அமெரிக்காவும் தென் வியட்நாமும் இறுதிப் பிரகடனத்தை ஏற்கவில்லை. 1956 இல் நடந்திருக்க வேண்டிய தேர்தல் நடைபெறவேயில்லை. பின்னர் அங்கு மூண்ட பெரும்போர் 1975 ஆம் ஆண்டு வரை நீண்டது. ஆயினும், பிரான்ஸைப் பொறுத்தவரை ஒரு போர் முடிந்தது. குறித்த நாளில் முடிந்தது.

ஜெனீவாவிலிருந்து திரும்பிய பிரதமருக்கு ஓய்வு இல்லை. யூலை மாதம் 31 ஆம் திகதி அவர் திடீரென விமானமேறித் துனீசியா சென்றார். வட ஆபிரிக்காவில் விட்டுக்கொடுத்தல் கூடாது என்ற கொள்கையினரான மார்ஷல் யுவேனைத் தம்முடன் அழைத்துச் சென்றது அவருடைய சாதுரியம். அவர் உடனிருக்கையில் நாட்டைக் காட்டிக்கொடுத்தார் என்று எவரும் எளிதிற் சொல்ல இயலாது. கார்த்தேஜ் அரண்மனையில் துனீசிய மன்னர் முன்னிலையில், துனீசியாவின் உள்நாட்டுச் சுயாட்சியைப் பிரான்ஸ் ஏற்கின்றது என்று மெண்டெஸ் அறிவித்தார். 1956 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்நாடு முழுச் சுதந்திரம் பெற்றது.

வானொலி கேட்போருக்கு இவ்வரலாற்றில் தனிச் சுவை தரும் செய்தியொன்று உண்டு. ஆட்சியின் போக்கை மக்களுக்கு நேரில் விளக்கும் பொருட்டு, மெண்டெஸ் சனிக்கிழமை தோறும் மாலையில் வானொலியிற் பேசினார். அமெரிக்கத் தலைவர் ரூஸ்வெல்ற் முன்னர் கையாண்ட முறை அது. மேடைப் பேச்சின் ஆரவாரம் இன்றி, வீட்டுக்கு வந்த விருந்தினர் கதைப்பது போல, ஒரு வாரத்தில் ஒரு விடயத்தை எடுத்து அவர் விளக்கினார். மக்கள் ஆவலோடு கேட்டனர். பாராளுமன்ற அங்கத்தவர் சிலரோ, தங்களைத் தாண்டி நேரே மக்களிடம் பேசுகிறார் என்று முறையிட்டனர்.

மதுப் பழக்கத்துக்கு எதிராக அவர் எடுத்த நடவடிக்கைகளும் பகையைத் தேடித் தந்தன. வீட்டிலேயே சாராயம் வடிக்கும் சலுகை பல இலட்சம் பிரெஞ்சுக் குடியானவருக்கு இருந்தது. அவர் தொகுதியே அப்பிள் சாராயத்துக்குப் பேர்போன நோர்மண்டியில் உள்ளது. இருந்தும் அச்சலுகையைக் குறைக்க முற்பட்டார். பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பால் வழங்க ஏற்பாடு செய்தார். பொது வைபவங்களில் தாமும் பாலையே அருந்தினார். கேலிச் சித்திரக்காரருக்கு அது விருந்தாயிற்று. சாராய வணிகர் சினந்தனர். அவர் யூதர் என்பதைச் சுட்டி இழித்துப் பேசியவர்களும் உளர்.

எனினும், ஆட்சி செய்வது தெரிவு செய்வதே என்றவர் எல்லாவற்றிலும் அவ்வாறு நடக்கவில்லை. ஜேர்மனி உட்பட ஆறு ஐரோப்பிய நாடுகளின் படைகளை ஒன்றாக இணைக்கும் உடன்படிக்கையொன்றில் 1952 ஆம் ஆண்டில் பிரான்ஸ் கையெழுத்திட்டிருந்தது. ஆனால் அடுத்தடுத்து வந்த அரசாங்கங்கள் அதனைப் பாராளுமன்றத்தின் முன் கொணர அஞ்சின. மெண்டெஸ் அதைக் கொணர்ந்தார். ஆனால் அரசாங்கம் எப்பக்கமும் சேரவில்லை. 1954 ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதம் 30 ஆம் திகதி, 319 க்கு 264 என்ற வாக்குகளால் அவ்வுடன்படிக்கை நிராகரிக்கப்பட்டது. அதன் முன்னர், அதை எதிர்த்த கெனிக், சபான் தெல்மா, லெமேர் ஆகிய மூவர் பதவி துறந்தனர். அதன் பின்னர், அதை விரும்பிய பூர்ஜெஸ் மொனூரி, ஊக், குளோடியஸ் பெத்தி ஆகிய மூவர் பதவி துறந்தனர். ஒரே மந்திரி சபை இரு பக்கத்தாலும் கிழிந்தது. ஐரோப்பிய ஒற்றுமையை விரும்பிய கத்தோலிக்க ஜனநாயகக் கட்சியினர் அவரை அதன்பின் மன்னிக்கவேயில்லை. மேற்கு ஜேர்மனியை மேற்கு நாடுகளின் கூட்டணியிற் சேர்க்கும் வேறோர் உடன்படிக்கையை, டிசெம்பர் மாத இறுதியில், 287 க்கு 260 என்ற குறுகிய பெரும்பான்மையால் அவர் நிறைவேற்றினார்.

இந்தியக் கரையில் பிரான்ஸ் வைத்திருந்த ஊர்களின் முடிவும் இக்காலத்திலேயே நேர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சுவா மார்த்தென் காலத்திலிருந்து வளர்ந்த புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகியவை, 1947 இல் இந்தியா சுதந்திரம் பெற்ற பின்னரும் பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்தன. உள்ளே விடுதலை இயக்கம் வளர்ந்தது. வெளியே இந்திய அரசாங்கம் எல்லைக் கெடுபிடிகளை இறுக்கியது. ஒரு சிறு நிலத்தை விட்டுக்கொடுத்தாலும் பேரரசின் பிற பகுதிகளும் அதைக் கேட்கும் என்ற அச்சம் பாரிஸின் கைகளைக் கட்டியிருந்தது. மெண்டெஸின் அரசாங்கம் அக்கட்டை அவிழ்த்தது. ஒக்டோபர் மாதம் 18 ஆம் திகதி, புதுச்சேரியை அடுத்த கீழூர் என்னும் சிற்றூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். மூன்று நாட்களில் புதுடில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நவம்பர் மாதம் 1 ஆம் திகதி காலை, நிர்வாகம் அமைதியாகக் கைமாறியது. பிரெஞ்சு மொழிக்கும் கல்விக்கும் அங்கு இடம் விடப்பட்டது. மறு ஆண்டில் அந்நகரில் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழாராய்ச்சிக்குப் பெருந்துணையாயிற்று.

அதே நவம்பர் மாதம் 1 ஆம் திகதி, விடியுமுன், அல்ஜீரியாவின் பல இடங்களில் குண்டுகள் வெடித்தன. காவல் நிலையங்கள் தாக்கப்பட்டன. தேசிய விடுதலை முன்னணி என்ற புதியதோர் இயக்கம் போர்ப் பிரகடனம் செய்தது. வங்காள விரிகுடாக் கரையில் ஒரு கொடி வன்முறையின்றி இறங்கிய நாளிலேயே, மத்தியதரைக் கடற்கரையில் அதே கொடிக்கு எதிராக எட்டாண்டுப் போர் தொடங்கியது.

இந்தோசீனாவுக்கும் துனீசியாவுக்கும் புதுச்சேரிக்கும் வழி கண்டவர், அல்ஜீரியாவுக்கும் அவ்வாறே கண்டிருக்கலாமே என்று பிற்காலத்தவர் கேட்பது இயல்பு. ஆனால் அல்ஜீரியா பிரெஞ்சுச் சட்டப்படி ஒரு குடியேற்ற நாடன்று. 1848 முதல் அது பிரான்ஸின் மாகாணங்களாகவே கருதப்பட்டது. பத்து இலட்சம் வரையிலான ஐரோப்பியர் அங்கு குடியிருந்தனர். அவர்களுடைய பிரதிநிதிகள் பாரிஸ் சபையில் அமர்ந்திருந்தனர். நவம்பர் மாதம் 12 ஆம் திகதி மெண்டெஸ் அச்சபையில், நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதில் பேரத்துக்கு இடமில்லை என்றும், அல்ஜீரியா பிரான்ஸின் பகுதியே என்றும் கூறினார். உள்நாட்டு மந்திரி மித்தரானும் அவ்வாறே கூறினார். மேலதிகப் படை அனுப்பப்பட்டது. அதேவேளை, அல்ஜீரிய முஸ்லிம்களுக்கு உத்தியோகங்களிற் கூடிய இடம் அளிக்கும் சீர்திருத்தங்களும் வகுக்கப்பட்டன. யாக் சூஸ்தெல் புதிய ஆளுநராக நியமிக்கப்பட்டார். அடக்குமுறை அல்ஜீரியரைத் திருப்பவில்லை; சீர்திருத்தம் குடியேறிய ஐரோப்பியரைச் சினமூட்டியது. பிற அரசாங்கங்கள் இந்தோசீனாவில் நடந்த இடைவழியிலேயே, அவ்வழியைக் கண்டித்தவரும் இங்கு நடக்க நேர்ந்தது.

1955 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் வட ஆபிரிக்கா பற்றிய விவாதம் வந்தது. அரசாங்கத்துக்கு எதிராக வலிமையான உரை ஆற்றியவர் எதிர்க்கட்சியினர் அல்லர். மெண்டெஸின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த, அல்ஜீரியாவின் கொன்ஸ்தந்தீன் தொகுதி அங்கத்தவரான ரெனே மாயரே. பெப்ரவரி மாதம் 5 ஆம் திகதி அதிகாலையில், 319 க்கு 273 என்ற வாக்குகளால் அரசாங்கம் தோற்றது. முடிவு அறிவிக்கப்பட்ட பின்னர் பிரதமர் பேசுவது அச்சபையின் வழக்கமன்று. மெண்டெஸ் வழக்கத்தை மீறி மேடையேறி, தம் அரசாங்கம் செய்தவை அழியா என்று சொல்ல முற்பட்டார். கூச்சலில் அவர் குரல் அமிழ்ந்தது. அவருக்குப் பின் பிரதமரானவர் அவருடைய மந்திரி சபையிலிருந்த எட்கர் ஃபோர்.

அதன்பின் மெண்டெஸ் பிரதமராகவில்லை. 1956 ஆம் ஆண்டில் கி மொல்லே அரசாங்கத்தில் இலாகா இல்லாத மந்திரியாகச் சேர்ந்தார். அல்ஜீரியாவில் அவ்வரசாங்கம் படைபலத்தையே நம்பியபோது, நான்கு மாதங்களில் விலகினார். அல்ஜீரியா குறித்துத் தெளிவான தெரிவு ஒன்றை அவர் செய்தது அன்றுதான்; ஆனால் அதைச் செயற்படுத்தும் அதிகாரம் அப்போது அவர் கையில் இல்லை. 1958 ஆம் ஆண்டில் இராணுவக் கிளர்ச்சியின் நிழலில் டி கோல் ஆட்சிக்கு வந்ததை எதிர்த்தார். அவ்வாண்டிலேயே தம் பாராளுமன்ற ஆசனத்தை இழந்தார். அல்ஜீரியாவுக்குச் சுதந்திரம் வழங்கும் பொறுப்பு டி கோலின் தலையில் விழுந்தது; 1962 இல் அது நிறைவேறியது. புதுச்சேரியைச் சட்டப்படி இந்தியாவுக்கு உரித்தாக்கும் உடன்படிக்கை 1956 இலேயே கையெழுத்தாகியிருந்தும், பிரெஞ்சுப் பாராளுமன்றம் அதனை உறுதிப்படுத்தியது அதே 1962 ஆம் ஆண்டிலேதான். அல்ஜீரியப் போர் முடியும் வரை அதைத் தொட எவரும் துணியவில்லை. ஒரே நாளில் தொடங்கிய இரு கதைகளும் ஒரே ஆண்டில் முடிவெய்தின.

1981 ஆம் ஆண்டு மே மாதத்தில் மித்தரான் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது, முதியவராகிவிட்ட மெண்டெஸ் அவ்வைபவத்துக்கு அழைக்கப்பட்டிருந்தார். தம்முடைய பழைய உள்நாட்டு மந்திரி வந்து தழுவிக்கொண்டபோது அவர் கண்கள் கலங்கின. 1982 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 18 ஆம் திகதி, தம் எழுபத்தைந்தாவது வயதில் பாரிஸில் காலமானார்.

அவரைவிட நீண்ட காலம் ஆண்ட பிரெஞ்சுப் பிரதமர்கள் பலரின் பெயர்கள் இன்று நூல்களிலே மட்டும் உள்ளன. மெண்டெஸின் பெயரோ அவர் நாட்டு அரசியற் பேச்சில் இன்றும் வழங்குகின்றது. இந்தோசீனாவைப் பொறுத்தவரை, இன்ன நாளில் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே சொல்லி, அதற்குத் தம் பதவியையே ஈடு வைத்தார். அவர் தோற்றவற்றில், பிறரைப் போலவே முடிவைப் பின்தள்ளினார். ஜெனீவாவில் ஓரிரவு கடிகாரத்தை நிறுத்திவைக்க அவருக்கு இயன்றது. அல்ஜீரியாவில் அது இயலவில்லை.